அம்மன் பிறந்தகம் வரும் மாதம்

ஆஷாட மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் ஷட்டரை இறக்கியிருக்கின்றன. விடிவதற்கு முன்பே உஜ்ஜயினி மகங்காளி கோயிலை நோக்கிப் பெண்களின் வரிசை நீள்கிறது. பட்டுப் புடவை, கால்களில் பூசிய மஞ்சள், தலையில் வேப்பிலை சுற்றிய பானை, பானையின் மூடிமேல் அணையாமல் எரியும் ஒரு விளக்கு. இரண்டு மணி நேரம் நின்றாலும் பானையை இறக்கி வைக்க முடியாது. கீழே வைத்தால் அது அம்மனுக்கு ஆகாது. பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகளோ ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொள்கிறார்கள். தடுப்புக் கம்பிகளுக்கு அந்தப் புறம் கேமராக்களோடு நிற்பவர்களுக்கு இது ஒரு காட்சி. இந்தப் புறம் நிற்பவர்களுக்கு இது ஒரு கடன்.

போனாலு என்ற இந்த விழாவைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் வண்ணங்களை மட்டுமே பேசுகின்றன. மஞ்சள், குங்குமம், பறையொலி, ஆட்டம் எல்லாம் அவற்றில் உண்டு. பானைக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றன. விஷயமே பானைக்குள்தான் இருக்கிறது. பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கிய சோறு. 'போஜனம்' என்ற சொல் தேய்ந்து 'போனம்' ஆகி, தெலுங்கில் அதன் பன்மை 'போனாலு' ஆயிற்று. அம்மனுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். புதுப் பானையில், குளித்துவிட்டு, ருசி பார்க்காமல் சமைத்து, நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கும் சாப்பாடு.

ஏன் ஆஷாடத்தில்? அதற்கு ஹைதராபாத்காரர்கள் சொல்லும் காரணம் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. இந்த மாதத்தில் அம்மன் தன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்பது நம்பிக்கை. கல்யாணமான பெண் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவது போல. தமிழ்நாட்டில் ஆடிச் சீரோடு புதுப்பெண்ணை அழைத்து வருகிறார்கள். தெலுங்கு வீடுகளில் ஆஷாடத்தில் புது மணப்பெண் புகுந்த வீட்டில் இருப்பதில்லை. கல்யாணப் பந்தல்கள் காலியாகக் கிடக்கும் மாதம் இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்கு வந்த மகளுக்குச் சமைத்துப் போடாமல் இருப்பார்களா?

மகள் தனியாக வருவதில்லை, அண்ணன் துணைக்கு வருகிறான். அவன்தான் போத்தராஜு. வெற்றுடம்பில் அப்பிய மஞ்சள், இறுக்கிக் கட்டிய சிவப்பு வேட்டி, காலில் சலங்கை, கையில் சுழலும் சாட்டை, நெற்றி நிறையக் குங்குமம். போனம் சுமந்த பெண்களுக்கு முன்னால் வழிவிடச் சொல்லி ஆடிக்கொண்டே போகிறான். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கையில் வெட்டிய தலையோடு நிற்கும் போத்துராஜாவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே பிடிபடும். அங்கே அவன் பாண்டவர்களின் தங்கையைக் கட்டியவன், இங்கே அம்மனின் உடன்பிறந்தவன். உறவுமுறை மாறினாலும் காவல் வேலை மாறவில்லை.

பெண்களின் காலில் வழிநெடுகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். போனம் சுமப்பவளிடம் அந்த நேரத்தில் அம்மன் இருக்கிறாள், அவள் உக்கிரமானவள், தணிக்க வேண்டும் என்பது காரணம். வெயிலில் வெறுங்காலோடு வருபவளுக்கு அது வேறு விதத்திலும் இதமாகத்தான் இருக்கும். சமயபுரத்திலோ பண்ணாரியிலோ இதைப் பார்த்திராத தமிழர் குறைவு. மூங்கில் குச்சியிலும் வண்ணக் காகிதத்திலும் கோபுரம் போலச் செய்து தூக்கி வரும் 'தொட்டெல' மட்டும் புதிதாக இருக்கலாம்.

செகந்திராபாத் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. 1813ல் இரட்டை நகரங்களில் கொள்ளை நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் இங்கிருந்து ஒரு படைப்பிரிவு உஜ்ஜயினிக்கு அனுப்பப்பட்டிருந்தது. அதில் டோலி தூக்கும் வேலையில் இருந்தவர் சூரிட்டி அப்பய்யா. ஊரில் சாவு விழுவதைக் கேள்விப்பட்டதும் அவரும் கூட்டாளிகளும் உஜ்ஜயினி மகாகாளி கோயிலுக்குப் போய், நோய் நின்றால் எங்கள் ஊரில் உன்னை வைத்துக் கும்பிடுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். நோய் தணிந்தது. திரும்பி வந்து 1815ல் மரத்தால் ஆன அம்மனை நிறுவினார்கள். 1864ல் மரத்துக்குப் பதில் கல் வந்தது. இது கோயில் சொல்லும் வரலாறு. நோய் பிளேக்கா காலராவா என்பதில் சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. இந்தியாவையே உலுக்கிய முதல் பெரிய காலரா அலை 1817ல்தான் வங்கத்தில் கிளம்பியது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதையில் முக்கியமானது நோயின் பெயர் அல்ல, வேண்டிக்கொண்டவரின் வேலை. அரசரோ தளபதியோ அல்ல. காயம்பட்டவர்களையும் அதிகாரிகளையும் தோளில் சுமந்தவர். நகரத்தின் பெரிய விழாக்களில் ஒன்று ஒரு சுமைகூலியின் நேர்த்திக்கடனில் பிறந்திருக்கிறது.

அவர் வாழ்ந்த செகந்திராபாத் அப்போது பெயர் சூட்டி ஏழெட்டு வருடமே ஆன ராணுவ ஊர். நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் 1806ல் அமைந்தது. அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படை மதராஸ் ராஜதானியைச் சேர்ந்தது என்பதால் அதன் பின்னாலேயே தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. 1862ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு மகபூப் கல்லூரி ஆயிற்று. சிகாகோ போகும் முன் விவேகானந்தர் 1893 பிப்ரவரியில் பேசியது அங்கேதான். செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆடியும் ஆஷாடமும் கலந்துபோனதில் வியப்பில்லை.

மூசி ஆற்றுக்குத் தெற்கே, பழைய நகரத்து லால் தர்வாஜா சிம்மவாகினி மகங்காளி கோயிலின் கதை வேறு. அங்கே எதிரி நோயல்ல, வெள்ளம். 1908 செப்டம்பர் 28ல் மூசி கரை உடைத்தது. 15,000 பேர் வரை இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அஃப்சல்கஞ்சில், இப்போது உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் புளியமரம் ஒன்றில் ஏறிக்கொண்டு 150 பேர் பிழைத்தார்கள். ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான், திவான் மகாராஜா கிஷன் பிரசாத்தின் யோசனைப்படி, தட்டில் புடவை, மஞ்சள், குங்குமம், முத்து எல்லாம் வைத்து ஆற்றுக்குச் சமர்ப்பித்தார், அதன் பிறகு தண்ணீர் வடிந்தது, அந்த நன்றிக்கு லால் தர்வாஜா அம்மனுக்கும் காணிக்கை செலுத்தினார் என்று கோயில்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். ஆவணத்தில் பார்க்க முடிவது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். விசுவேசுவரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அதன்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் 1920களில் எழுந்தன. ஒரு முஸ்லிம் அரசர் ஆற்றுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்த கதையை இரண்டு சமூகங்களும் இன்றும் சொல்லிக்கொள்கின்றன. பழைய நகரத்தின் நெருக்கடியான நாட்களில் இந்தக் கதைக்கு அணைக்கட்டை விடக் குறைவான உபயோகம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நோயில் பிறந்த விழா ஹைதராபாத்துக்கு மட்டும் சொந்தமல்ல. தாய்லாந்தின் புக்கெட் தீவில் கத்து என்று ஒரு பழைய தகரச் சுரங்க ஊர். 1825 வாக்கில் அங்கே நாடகம் போட வந்த சீனக் கம்பெனி ஒன்று காய்ச்சலில் விழுந்தது. ஒன்பது தெய்வங்களை வேண்டி, புலால் விட்டு விரதம் இருந்தார்கள், குணமானது. இன்றும் வருடா வருடம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் புக்கெட்டே வெள்ளை உடுத்து சைவம் சாப்பிடுகிறது. சாமி வந்தவர்களை அங்கே 'மா சோங்' என்கிறார்கள். சாமி ஏறிவரும் குதிரை என்று பொருள். கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு, தீ மிதித்து ஊர்வலம் வருகிறார்கள். பழனிக்குக் காவடி எடுப்பவருக்கு இது எதுவும் புதிதல்ல. புதிது என்னவென்றால், அந்த ஊர்வலத்தை உலகம் முழுவதிலுமிருந்து வந்து படம் எடுக்கிறார்கள், தாய்லாந்து சுற்றுலாத் துறையும் விளம்பரம் செய்கிறது. வேடிக்கை பார்க்க வருபவரும் வெள்ளை உடுத்துங்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். பார்வையாளரையும் கொஞ்சம் பங்காளி ஆக்கிவிடும் தந்திரம் இது. ஹைதராபாத் இந்த அளவுக்கு இன்னும் யோசிக்கவில்லை.

யோசிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. தெலங்கானா 2014 ஜூன் 2ல் தனி மாநிலமானது. அதே ஆண்டு போனாலுவும் பதுகம்மாவும் மாநில விழாக்களாக அறிவிக்கப்பட்டன. தனி மாநிலக் கோரிக்கையின் காலத்தில் இந்த இரண்டு விழாக்களும் கொடி போலவே தூக்கிப் பிடிக்கப்பட்டவை. ஆந்திரத்து சங்கராந்திக்கு எதிராக எங்களுக்கு இது என்று காட்டுவதற்கு ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே மாநில மரியாதை கிடைத்தது நியாயம்தான். அரசு பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கிறது, கோயில்களுக்குப் பணம் வருகிறது, விடுமுறை உண்டு, டில்லி தெலங்கானா பவனில்கூடப் போனம் எடுக்கிறார்கள். உயர்சாதிக் கோயில்களின் கணக்கில் 'சின்னச் சாமி'யாக இருந்தவளுக்கு மந்திரிசபையே வரிசையில் நிற்கிறது என்றால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

தொல்லை அந்த வரிசையில்தான் ஆரம்பிக்கிறது. மந்திரி வந்தால் அவருக்கென்று தனி வழி. அவர் உள்ளே இருக்கும் வரை, பானையை இறக்கி வைக்க முடியாதவள் வெளியே நிற்க வேண்டும். ஒரு மந்திரி போனால் இன்னொருவர், ஆளுங்கட்சி போனால் எதிர்க்கட்சி. போனாலு ஞாயிறன்று கோயிலுக்கு வராத அரசியல்வாதி ஹைதராபாத்தில் அடுத்த தேர்தலைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்க வேண்டும். தொலைக்காட்சிக் கேமராக்கள் நல்ல இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. போத்தராஜுக்களில் சிலர் ஜிம் உடம்போடு, கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துச் சாட்டையைச் சுழற்றுகிறார்கள். கிடா வெட்டும் இடத்தில் கோயில்களில் பூசணிக்காய் உடைகிறது. கிடா, வீட்டுக்குப் பின்னால் விருந்துக்காக வெட்டப்படுகிறது. அம்மனுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்பதை அவளே சொல்லவும் ஒரு நாள் இருக்கிறது.

அது திங்கட்கிழமை. 'ரங்கம்' என்று பெயர். செகந்திராபாத் கோயிலில் ஒரு பெண் சுடாத பச்சை மண் பானையின்மேல் ஏறி நிற்கிறாள். முகம் முழுக்க மஞ்சள், கையில் வேப்பிலை. பூசாரி கேட்கக் கேட்க, வரப்போகும் வருடத்தைப் பற்றிச் சொல்கிறாள். மழை வருமா, பயிர் விளையுமா, நோய் வருமா, எனக்கு நீங்கள் செய்தது எனக்குத் திருப்தியா என்று. இந்த உரிமை பரம்பரையாக ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு உரியது. ஒரு காலத்தில் கோயில் முற்றத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்ட அந்தக் குரலுக்கு இப்போது மைக் உண்டு, நேரடி ஒளிபரப்பு உண்டு. மாலைப் பத்திரிகையில் பருவமழை பற்றிய வானிலை இலாகாவின் கணிப்பும் அம்மனின் கணிப்பும் ஒரே பக்கத்தில் வந்தால் ஹைதராபாத்தில் யாரும் சிரிப்பதில்லை.

மைக்கின் முன்னால் குரல் அடங்கிவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஆகவில்லை. 2018ல் அம்மனுக்குத் தங்கத்திலேயே போனம் செய்து, ஆளுங்கட்சியின் முன்னிலையில் ஆடம்பரமாகச் சமர்ப்பித்தார்கள். மறுநாள் ரங்கத்தில் அம்மன் மகிழவில்லை. தங்கம் கொடுத்தீர்கள், என் பிள்ளைகள் கஷ்டப்பட்டார்களே என்ற பொருளில் குறைபட்டாள். மந்திரி கூப்பிய கையோடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஏற்பாடுகளில் என்ன குறை என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. சாதாரண நாளில் அந்தப் பெண் ஒரு தாசில்தாரிடம் இப்படிப் பேசிவிட முடியாது. நம்பிக்கை இல்லாதவர்கள்கூட இந்தக் காலை நேரத்தைத் தவறவிடாமல் இருக்க இது ஒன்றே போதும்.

இந்த விழாவுக்குப் பார்வையாளர்கள் எவ்வளவு தேவை என்பது 2020ல் தெரிந்தது. கொரோனா. நோயை விரட்டியதற்காகத் தொடங்கிய விழாவை நோய்க்காக நிறுத்த வேண்டிய நிலை. அரசு, கோயில்களில் பூசாரிகள் மட்டும் சடங்குகளைச் செய்யட்டும், மக்கள் வீட்டிலேயே போனம் வைக்கட்டும் என்றது. ஜெனரல் பஜாரில் தடுப்புகளுக்கு அந்தப் பக்கமும் யாரும் இல்லை, இந்தப் பக்கமும் யாரும் இல்லை. ஆனால் சோறு பொங்கியது. அபார்ட்மெண்ட் சமையலறைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் பானைக்கு வேப்பிலை கட்டி விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். ரங்கமும் கூட்டமில்லாமல் நடந்தது. மேடை, தோரணம், மந்திரி, கேமரா எதுவும் இல்லாமல் நடந்த அந்தப் போனாலு குறைப்பட்டதாக எந்த வீட்டிலும் சொல்லக் கேட்டதில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவருக்குச் சில விவரங்கள். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் ஏதாவது ஒரு மாத காலம். முதல் போனம் எப்போதும் கோல்கொண்டா கோட்டை மேலுள்ள ஜகதாம்பிகை கோயிலுக்கு. லங்கர் ஹவுஸிலிருந்து ஊர்வலம் புறப்பட்டுக் கோட்டைக்குள் ஏறுகிறது. மாதம் முழுவதும் அங்கே ஞாயிறுகளிலும் வியாழன்களிலும் கூட்டம் உண்டு. தலையில் பானையோடு முந்நூறு படிக்கு மேல் ஏறுகிறவர்களைப் பார்த்தால், கையில் தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்திருப்பவர் மூச்சு வாங்குவதற்குக் கூச்சப்படுவார். அடுத்து வரும் ஞாயிறுகளில் ஒன்று செகந்திராபாத்துக்கு, அதற்கடுத்தது லால் தர்வாஜாவுக்கும் பழைய நகரத்துக்கும். பல்கம்பேட்டை எல்லம்மாவுக்கு இதே மாதத்தில் ஒரு செவ்வாயன்று திருக்கல்யாணம். அந்த அம்மன் தரைமட்டத்துக்குக் கீழே, கிணற்றுக்குள் இருப்பவள். பட்டியலில் இடம் பெறாத தெருக்கோயில்கள் நூற்றுக்கணக்கில். கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் அவற்றில் ஒன்றைத் தேடிப் போவது நல்லது. அங்கே தடுப்புக் கம்பி இல்லை.

செகந்திராபாத் கோயிலுக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். விழா நாளில் ஆட்டோவை நம்புவதை விட அதுதான் வேகம். காலை ஐந்து மணிக்குப் போகிறவர் போனத்தைப் பார்ப்பார், பதினோரு மணிக்குப் போகிறவர் போலீசைப் பார்ப்பார். படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் சாமி வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் அழுகிறவளைப் படம் எடுப்பதற்குச் சமம். யாராவது காலில் ஊற்றச் சொல்லிச் சொம்பைக் கொடுத்தால் வாங்கி ஊற்றலாம். மதம், ஊர், மொழி எதையும் கேட்காமல்தான் கொடுக்கிறார்கள். மதியத்துக்கு மேல் ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. போனத்தின் சோறு பாதி அம்மனுக்கு, மீதி வீட்டுக்கு வந்தவர்களுக்கு.

கடைசித் திங்கட்கிழமை பழைய நகரத்தில் கட ஊர்வலம். செப்புக் குடத்தை அம்மனாகவே அலங்கரித்துத் தூக்கி வருவது. தானா ஷாவின் மந்திரிகளாக இருந்து 1686ல் கொல்லப்பட்ட சகோதரர்களின் பெயரைத் தாங்கிய ஹரி பௌலி அக்கன்னா மாதன்னா கோயிலின் கடம் யானைமேல் வருகிறது. யானை கிடைப்பது இப்போது எளிதல்ல. முன்பெல்லாம் நேரு மிருகக்காட்சி சாலையின் யானை இந்த ஊர்வலத்துக்கும், முஹர்ரம் பத்தாம் நாள் தபீர்புராவிலிருந்து புறப்படும் பீபி கா ஆலம் ஊர்வலத்துக்கும் வந்துகொண்டிருந்தது. அது கைவிடப்பட்ட பிறகு வெளிமாநில யானையைத் தேட வேண்டியிருக்கிறது. 2024ல் முஹர்ரமும் போனாலுவும் ஒரே ஜூலையில் வந்தன; ஒரு கமிட்டி யானை தேடுவது மற்றதன் காதுக்கும் எட்டாமல் இருப்பதில்லை.

சார்மினாரைத் தாண்டி, மதீனா சந்திப்பைத் தாண்டி, ஊர்வலம் நயாபுல் பாலத்தருகே மூசியை அடைய இருட்டிவிடும். கடங்களுக்கு அங்கே பூஜை முடிந்ததும் பறைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன, போத்தராஜுக்கள் முகம் கழுவிக்கொள்கிறார்கள். கோல்கொண்டாவில் மட்டும் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். முதல் போனம் வாங்கியவள்தான் கடைசிப் போனத்தையும் வாங்க வேண்டும்.